சங்கீதங்களும் ஆறுதலும்: ஒரு பழைய வினாவின் பல விடைகள்

துன்பத்தில் உழலும் மனிதன் சங்கீத புஸ்தகத்தைத் திறந்தால் ஆறுதல் பெறுகிறான் என்பது, ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாக யூதரும் கிறிஸ்தவரும் ஒருமித்துக் கூறிவரும் அநுபவம். அந்த ஆறுதல் எதனால் உண்டாகிறது என்று கேட்டால் மட்டும் அவர்களுடைய விடைகள் பலவாகப் பிரிகின்றன. கடவுள் தம்மை நம்பினவனைக் காப்பார் என்னும் உறுதிமொழியை அப்பாடல்கள் தருவதனால் என்பர் ஒரு சாரார். வாசிப்பவன் தன் உள்ளத்தையே அங்கே எழுத்தில் காண்பதனால் என்பர் வேறொரு சாரார். பண்டைய ஆலயத்தில் குருவின் வாய்வழியாக வந்த அபய வார்த்தையின் எதிரொலி அது என்பர் ஆராய்ச்சியாளர் சிலர். புலம்பவும் வழக்காடவும் கடவுளே இடங்கொடுக்கிறார் என்ற உண்மைதான் ஆறுதலின் ஊற்று என்பர் அண்மைக் காலத்து இறையியலாளர். 150 பாடல்கள் கொண்ட இந்நூலை வகைப்படுத்திப் பார்த்தால், துதிப் பாடல்களைக் காட்டிலும் முறையீட்டுப் பாடல்களே தொகையில் மிகுந்து நிற்கின்றன என்பதை நினைக்கும்போது, இவ்வினாவை வெறும் ஏட்டு விவகாரமாக ஒதுக்கிவிட முடியாது. இவ்விடைகள் எங்கே தோன்றின, எவ்வளவு தூரம் நிலைக்கும் என்பதைத் திருவனந்தபுரத்தையும் அதைச் சூழ்ந்த பழைய தென் திருவிதாங்கூரையும் முன்வைத்து ஆராய முற்படுகிறோம்.

ஒரு நகரும் நான்கு வழக்கங்களும்

திருவனந்தபுரத்தைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. சங்கீதங்களைக் கையாளும் முறையில் ஒன்றுக்கொன்று வேறுபட்ட நான்கு சபை மரபுகள் இந்நகரிலும் இதன் கடற்கரையிலும் அருகருகே வாழ்ந்து வருகின்றன. பூந்துறை, வலியதுறை, விழிஞ்ஞம் முதலிய ஊர்களின் மீனவர், 1544-ஆம் ஆண்டில் பிரான்சிஸ் சவேரியார் திருவிதாங்கூர்க் கரையில் ஞானஸ்நானம் அளித்த காலத்தோடு தங்கள் விசுவாசத்தைத் தொடர்புபடுத்தும் லத்தீன் கத்தோலிக்கர். மரித்தோருக்காக 130-ஆம் சங்கீதத்தை, அதாவது லத்தீன் எண்ணிக்கையில் 129-ஐ, ஓதுவது அம்முறைக்குரிய பழைய வழக்கம். 1930-இல் மார் இவானியோஸ் ரோமச் சபையோடு ஐக்கியமானபின் பட்டத்தில் தலைமை கொண்டு வளர்ந்த மலங்கரை கத்தோலிக்கரும், அவர்கள் பிரிந்துவந்த சிரியானி மரபினரும், நாளின் ஒவ்வொரு வேளைக்கும் குறிக்கப்பட்ட சங்கீதங்களை மாற்றாமல் சொல்லுவர். பாவ அறிக்கையாகிய 51-ஆம் சங்கீதம் அவ்வழிபாட்டில் முதன்மையான இடம் பெற, உறங்கப் போகும் வேளைக்கு 91-உம் 121-உம் உரியவை.

பாளையத்தில் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுந்த கிறைஸ்ட் சர்ச் ஆங்கிலிக்கத் திருச்சபையைச் சேர்ந்ததாயிருந்தது. அத்திருச்சபையின் பொதுப் பிரார்த்தனைப் புஸ்தகம் 150 சங்கீதங்களையும் மாதத்தின் முப்பது நாட்களுக்குக் காலை மாலை என்று பங்கிட்டு வைத்திருக்கிறது; எனவே அவ்வொழுங்கைக் கடைப்பிடிப்பவன் துதியை மட்டும் தெரிந்தெடுத்துச் சாபத்தையும் புலம்பலையும் தாண்டிப் போக வழியில்லை. அதற்கு அண்மையிலேயே எல்.எம்.எஸ். வளாகம் இருக்கிறது. 1806-இல் மயிலாடிக்கு வந்த ரிங்கல்தௌபே தொடங்கிய லண்டன் மிஷன் ஊழியம், ஜான் காக்ஸ் 1838-இல் திருவனந்தபுரத்தில் காலூன்றியதன் பின் இங்கே நிலைபெற்றது; சாமுவேல் மெட்டீர் அதை விரிவாக்கினார். இம்மரபில் எந்தச் சங்கீதத்தை வாசிப்பது என்பது பெரும்பாலும் போதகரின் விருப்பத்தையும் சபையின் தேவையையும் பொறுத்தது. 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை அமைந்தபோது ஆங்கிலிக்க மரபும் லண்டன் மிஷன் மரபும் ஒரே திருச்சபைக்குள் வந்தன. ஆயினும் சங்கீத வாசிப்பில் விருப்பத் தெரிவே இப்பகுதியில் மேலோங்கியது என்று கருத இடமுண்டு. ஒழுங்கின்படி வாசிப்பவனைச் சங்கீதம் தேடிவருகிறது. விருப்பப்படி வாசிப்பவன் தனக்கு வேண்டிய சங்கீதத்தைத் தேடிப் போகிறான். ஆறுதலைப் பற்றிய கொள்கைகள் பிரிவதற்கு இந்த வழக்க வேற்றுமையும் ஒரு காரணம்.

காவல் என்னும் வாக்குறுதி

மிகப் பழையதும் மிகப் பரவலானதுமான விடை, சங்கீதம் காவலைத் தருகிறது என்பதே. சாக்கடலை அடுத்த கும்ரான் குகைகளில் கிடைத்த சுருளொன்றில், பேய்களை விரட்டும் பாடல்களோடு 91-ஆம் சங்கீதம் சேர்த்து எழுதப்பட்டிருக்கிறது. கொள்ளைநோய், இரவின் பயங்கரம், பகலின் அம்பு ஆகியவற்றிலிருந்து விடுதலை கூறும் அப்பாடலை உடலுக்கும் வீட்டுக்கும் கவசமாகக் கொண்ட அக்காலத்து மனப்பான்மைக்கும், இரவு குடும்ப ஜெபத்தில் அதையே மனப்பாடமாய்ச் சொல்லி உறங்கப் போகும் தென் திருவிதாங்கூர்க் குடும்பங்களின் மனப்பான்மைக்கும் உள்ள தூரம் அதிகமன்று. புத்தாண்டு ஆராதனையில் ஒவ்வொருவரும் பெற்றுக்கொள்ளும் வாக்குத்தத்த வசனங்களில் சங்கீதங்களுக்குள்ள பங்கு இதே நம்பிக்கையின் இன்னொரு வடிவம். இவ்விடையின் வலிமையைக் குறைத்து மதிப்பிடலாகாது. சிறுவயதில் நெட்டுருவான 23-ஆம் சங்கீதம், முதுமையில் மற்ற நினைவுகள் மங்கிய பின்னும் நாவில் தங்குகிறது என்பதைப் படுக்கையருகே ஜெபிக்கச் செல்லும் எந்தப் போதகரும் அறிவார்.

ஆயினும் இதன் பலவீனத்தை வேதமே சுட்டிக்காட்டுகிறது. மத்தேயு, லூக்கா ஆகிய இருவருடைய சுவிசேஷங்களிலும் 91-ஆம் சங்கீதத்தின் காவல் வாக்கை எடுத்துக்காட்டி, தேவாலயத்தின் உச்சியிலிருந்து குதிக்கும்படி கிறிஸ்துவைத் தூண்டுபவன் சோதனைக்காரனே. 2017-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது, திருவனந்தபுரம், கன்னியாகுமரிக் கடற்கரைகளிலிருந்து ஆழ்கடலுக்குச் சென்றிருந்த மீனவர் பலர் கரை திரும்பவில்லை. கப்பலேறிப் போனவர்கள் புயலில் தத்தளித்துக் கூப்பிட்டதையும், கடவுள் கடலை அமைதியாக்கித் துறைமுகம் சேர்த்ததையும் 107-ஆம் சங்கீதம் வருணிக்கிறது. அதே கடலில் கூப்பிட்டுக் கரை சேராதவர்களுடைய குடும்பத்தாருக்கு அச்சங்கீதத்தை எவ்வாறு வாசித்துக் காட்டுவது? இங்கே சொல்லப்படும் காவல் ஆத்துமாவின் காவலே, உடலின் காவலன்று என்று சமாதானம் கூறுவது உண்டு. அது பக்திக்கு உகந்த சமாதானமே. ஆனால் நோயையும் அம்பையும் அலையையும் பெயர் சொல்லிப் பேசும் பாடல்களின் சொற்கள் அதற்கு எளிதில் இணங்குவதில்லை.

உள்ளத்தின் கண்ணாடி

நான்காம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஆயரான அத்தனாசியுஸ், மார்செல்லீனுஸ் என்பவருக்கு எழுதிய நிருபத்தில் வேறொரு வழியைத் திறந்தார். வேதத்தின் பிற பாகங்களை வாசிப்பவன் பிறருடைய சொல்லையும் செயலையும் அறிகிறான். சங்கீதத்தை வாசிப்பவனோ அச்சொற்களைத் தன் சொந்தச் சொற்களாகவே உரைக்கிறான். ஆதலால் அது உள்ளத்தின் அசைவுகளைக் காட்டும் கண்ணாடியாகிறது என்பது அவருடைய விளக்கம். இன்ன நிலையில் இன்ன சங்கீதம் என்று அவர் நீண்டதோர் அட்டவணையையே தருகிறார். 1557-இல் வெளிவந்த தம் சங்கீத வியாக்கியானத்தின் முன்னுரையில் கால்வினும், மனித உள்ளத்தின் எல்லா உணர்ச்சிகளும் இந்நூலில் பகுத்துக் காட்டப்பட்டிருப்பதாக எழுதினார்.

அகஸ்தீன் இதனோடு நில்லாமல் ஒரு படி மேலே சென்றார். சங்கீதத்தில் பேசுவது தலையாகிய கிறிஸ்துவும் அவருடைய சரீரமாகிய சபையும் சேர்ந்த ஒரே குரல் என்று அவர் கொண்டார். அவ்வாறாயின் தனிமனிதனுடைய புலம்பல் தனித்த புலம்பலாக இராது. அவனுக்கு முன்பே கிறிஸ்து அதை உரைத்திருக்கிறார். 430-இல் வண்டாலியர் ஹிப்போ நகரை முற்றுகையிட்டிருந்தபோது, மரணப் படுக்கையிலிருந்த அகஸ்தீன் மன்னிப்பை வேண்டும் சங்கீதங்களை எழுதிச் சுவரில் பதிக்கச் செய்து கண்ணீரோடு வாசித்தார் என்று அவருடைய சரித்திரத்தை எழுதிய பொசீதியுஸ் கூறுகிறார். நகரம் வீழ்ச்சியை எதிர்நோக்கிய வேளையில் அவர் தெரிந்தெடுத்தவை காவலின் பாடல்கள் அல்ல என்பது கவனிக்கத்தக்கது. நாட்ஸி ஆட்சியின் கீழ் 1940-இல் ஜெர்மானிய இறையியலாளர் போன்ஹாஃபர் சங்கீதங்களைப் பற்றி எழுதிய சிறு நூலும் அகஸ்தீனின் வழியையே பின்பற்றியது.

இவ்விடைக்கு எதிராக எழும் ஆட்சேபம் இரண்டு. கண்ணாடி இருப்பதைத்தான் காட்டும், இல்லாததைத் தராது. துக்கத்தில் இருப்பவன் தன் துக்கத்தையே மீண்டும் பார்ப்பதனால் அது தணியுமென்று எப்படிச் சொல்வது? மற்றொன்று, 1927-இல் ஃப்ராய்ட் எழுப்பியது: காக்கும் தகப்பன் ஒருவன் வேண்டுமென்ற குழந்தையின் ஆசையே கடவுளாக உருவெடுக்கிறது என்றார் அவர். இந்தக் குற்றச்சாட்டு 91-ஆம் சங்கீதத்துக்கு ஓரளவு பொருந்துவதாகத் தோன்றலாம். ஆனால் தன்னைப் பார்ப்பதை விட்டுவிடும்படி கடவுளிடமே வேண்டி முடிகிற 39-ஆம் சங்கீதத்தையும், இருளிலேயே முடிகிற 88-ஆம் சங்கீதத்தையும் எந்த ஆசை படைத்திருக்கும் என்பதற்கு அக்கொள்கையில் விடை காண்பது கடினம்.

ஆலயமும் அபய வார்த்தையும்

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் குங்கெல், சங்கீதங்களை அவற்றின் இலக்கிய வகையைக் கொண்டு துதி, சமுதாய முறையீடு, தனியாள் முறையீடு, நன்றிப் பாடல் என்று பாகுபடுத்தினார். அப்பாகுபாட்டினால் ஒரு புதிர் வெளிப்பட்டது. 6, 13, 22 முதலிய முறையீடுகளில் அழுகை ஓரிடத்தில் திடீரென்று நின்று, நம்பிக்கையோ துதியோ தொடங்குகிறது. இந்தத் திருப்பத்துக்குக் காரணம் பாடலுக்குள்ளே சொல்லப்படவில்லை. குங்கெலின் மாணவர் யோவாகிம் பெக்ரிக் 1934-இல் இதற்கு ஒரு காரணம் கூறினார்: முறையிடுபவன் ஆலயத்தில் நின்று தன் துயரத்தைச் சொல்லி முடித்ததும், குரு கடவுளின் பெயரால் அபய வார்த்தை உரைத்திருப்பார், அதைக் கேட்டபின் பாடப்பட்டதே அடுத்த பகுதி, குருவின் வார்த்தை மட்டும் ஏட்டில் ஏறவில்லை. இக்கொள்கை அழகியது, ஆறுதல் வெளியிலிருந்தே வரவேண்டும் என்னும் உண்மையைக் காப்பாற்றுகிறது. எனினும் எழுதப்படாத வார்த்தையின்மேல் எழுப்பிய கட்டடம் என்ற குறை இதற்கு உண்டு. தெய்வ வாக்கு வெளிப்படையாக இடம்பெறும் 12, 60 போன்ற சங்கீதங்கள் சிலவே.

1985-இல் ஜெரால்ட் வில்சன் தனிப்பாடல்களை விட்டு முழு நூலின் அமைப்பை நோக்கினார். ஐந்து பிரிவுகளில் மூன்றாவது, தாவீதின் அரசுக்குக் கொடுத்த உடன்படிக்கை என்னவாயிற்று என்ற 89-ஆம் சங்கீதத்தின் வேதனையோடு முடிகிறது. நான்காவது, மனிதனின் அற்ப ஆயுளைப் பேசும் 90-இல் தொடங்கி, கடவுளே அரசாளுகிறார் என்ற அறிக்கைக்குச் செல்கிறது. அவ்வாறு பார்த்தால், அரசு அழிந்த ஒரு ஜனம் தன் நம்பிக்கையை வேறோர் அடித்தளத்தில் மீண்டும் கட்டிய வரலாறே சங்கீத புஸ்தகம். பெனடிக்ட் துறவிகளைப் போல் வாரமொன்றில் 150-ஐயும் ஓதுபவர்களுக்கு இந்தப் பயணம் புலப்படக்கூடும். தெரிந்தெடுத்த பத்துப் பன்னிரண்டு பாடல்களோடு வாழும் சபைக்கு இது எட்டாது.

முறையீட்டின் உரிமை

இரண்டாம் உலகப் போரைக் கண்ட கிளாஸ் வெஸ்டர்மன், துதியும் முறையீடும் சங்கீதத்தின் இரு துருவங்கள் என்றும், ஒன்றை நீக்கினால் மற்றொன்றும் உயிரிழக்கும் என்றும் வாதித்தார். அமெரிக்கரான வால்ட்டர் புரூகெமன் இதை மேலும் கூர்மையாக்கினார். முறையீட்டைக் கைவிட்ட சபை, கடவுளை எப்போதும் புகழ மட்டுமே தெரிந்த சபையாகிவிடும். நியாயத்தைக் கேட்கும் துணிவையும் அது இழந்துவிடும் என்பது 1986-இல் வெளியான அவருடைய கட்டுரையின் சாரம். இக்கொள்கையின்படி, தன் வேதனையை மறைக்காமல் கடவுளின் முகத்துக்கு முன்பாகவே வைக்க முடிவதுதான் நம்பிக்கை. கடவுள் கேட்கிறார் என்று எண்ணாதவன் அவரோடு வழக்காட மாட்டான் அல்லவா?

கடவுளோடு வழக்காடுவது எபிரேயருக்கு மட்டுமே உரியதென்றும், இந்திய பக்தி சரணாகதியோடு அமைந்துவிடுவதென்றும் மேலைநாட்டு எழுத்தாளர் சிலர் கருதினர். தமிழ் வாசகர் இதை ஏற்பதற்கில்லை. கண்ணிழந்த சுந்தரர் இறைவனை நோக்கிப் பேசிய கடுமொழிகள் தேவாரத்தில் இருக்கின்றன. சேர நாட்டவராகிய குலசேகராழ்வார், தாய் வெறுத்து விலக்கினும் அவளையே நாடி அழும் குழந்தையின் நிலையை வித்துவக்கோட்டுப் பெருமானிடம் தமக்கு உரியதாகக் கூறுகிறார். தாய்மடிக் குழந்தையைப்போல் உள்ளம் அமர்ந்திருக்கும் 131-ஆம் சங்கீதத்தை இதனோடு வைத்து எண்ணுவது பயனுள்ளது. திருவனந்தபுரத்துப் பத்மநாபன்மீது நம்மாழ்வார் திருவாய்மொழியில் பாடிய பதிகமும், அந்த ஊரை அடைந்தால் துன்பம் தீரும் என்ற அபயத்தை மையமாகக் கொண்டதே. இந்நகரின் மகாராஜா கல்லூரியில் தமிழ் கற்பித்தவரும் வைணவராய்ப் பிறந்து கிறிஸ்தவரானவருமான எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, இரட்சணிய மனோகரத்தில் கிறிஸ்தவ விசுவாசத்தை ஆழ்வார்களின் நெஞ்சுருக்கத்தோடு பாடினார். பின்னர் ஏ. ஜே. அப்பாசாமி கிறிஸ்தவத்தைப் பக்திமார்க்கமாகவே விளக்கினார். இவர்களுடைய முயற்சி போற்றத்தக்கது. ஆனால் ஒரு வேறுபாட்டை மறைக்கலாகாது. 44, 74, 79, 80 ஆகிய சங்கீதங்களில் அழுவது ஒரு பக்தனன்று. தோற்றுப்போன ஒரு ஜனம். இந்தக் கூட்டுப் புலம்பலுக்கு நிகரானதை பக்தி இலக்கியத்தில் அரிதாகவே காண்கிறோம்.

யாருடைய பாடல்?

இங்குதான் தென் திருவிதாங்கூரின் வரலாறு குறுக்கிட்டு, எல்லா விடைகளையும் ஒருமுறை உரசிப் பார்க்கிறது. இந்நாட்டில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்தது 1855-இல். சாணார் சமூகப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக எழுந்த கலவரங்கள் 1859-ஆம் ஆண்டு அரச பிரகடனத்தோடு ஓரளவு அடங்கின. சபைக் கட்டடங்களும் பள்ளிகளும் தாக்கப்பட்ட அந்த ஆண்டுகளில், எளியவனைப் புழுதியிலிருந்து தூக்கிப் பிரபுக்களோடு உட்காரவைக்கும் கடவுளைப் பேசும் 113-ஆம் சங்கீதமும், துன்மார்க்கன் மறைவில் பதுங்கி ஏழையைப் பிடிப்பதை வருணிக்கும் 10-ஆம் சங்கீதமும் ஆராதனையின் அலங்காரச் சொற்களாக மட்டும் ஒலித்திருக்க மாட்டா. நெய்யாற்றின்கரை அருகே திருப்புறத்தில் பிறந்த மோசவத்சல சாஸ்திரியாரின் மலையாள கீர்த்தனங்கள் பெரும் செல்வாக்குப் பெற்றதற்கு, துன்பத்தில் பழகிய ஒரு சபை அவற்றைப் பாடக் காத்திருந்ததும் ஒரு காரணமாகலாம்.

ஆனால் இதே மண்ணிலிருந்து மிகக் கடுமையான மறுப்பும் எழுந்தது. திருவல்லாவை அடுத்த இரவிபேரூரில் தாழ்த்தப்பட்ட குடும்பத்தில் பிறந்த பொய்கயில் யோஹன்னான், கிறிஸ்தவ சபைகளுக்குள்ளும் சாதி தொடர்வதைக் கண்டு வெளியேறி, பிரத்யக்ஷ ரக்ஷா தெய்வ சபையை நிறுவினார். பின்னர் 1921-இலும் 1931-இலும் திருவனந்தபுரத்தில் கூடிய ஸ்ரீமூலம் பிரஜா சபையில் அங்கத்தினராயிருந்தார். வேதம் இஸ்ரவேலின் துயரத்தைச் சொல்கிறது. என் குலத்தின் துயரம் அதில் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்பது அவர் எழுப்பிய கேள்வி. அடிமைச் சந்தையில் தாயும் பிள்ளையும் பிரிக்கப்பட்ட வரலாற்றைத் தம் பாடல்களில் அவர் பாடினார். பிறருடைய சங்கீதத்தை இரவல் வாங்காமல், தம் ஜனத்துக்கு வேண்டிய புலம்பலைத் தாமே இயற்றினார் என்றே இதைக் கொள்ள வேண்டும். கண்ணாடிக் கொள்கைக்கு இதைவிடக் கனமான சோதனை ஐரோப்பிய நூல்களில் எதிலும் எழுப்பப்பட்டதாகத் தோன்றவில்லை. 1980-களில் உருவான தலித் இறையியல் இக்கேள்வியை மீண்டும் ஏற்று, எளியவரின் முறையீடாகவே சங்கீதங்களை வாசித்தது. வரலாற்றுக்கு இடங்கொடுத்தது அதன் பலம். தனியாளின் நோயும் மூப்பும் மரணபயமும் அதில் போதிய இடம் பெறாமற்போவது அதன் குறை.

சாபச் சங்கீதங்களின் சிக்கலும் இதனோடு பின்னியது. 1971-இல் சீர்திருத்திய கத்தோலிக்கத் திருப்புகழ்மாலையில் 58, 83, 109 ஆகிய மூன்றும் நீக்கப்பட்டன. வேறு சிலவற்றில் கடுமையான வசனங்கள் விடப்பட்டன. அன்பின் கட்டளைக்கு மாறானவை என்ற கவலை நியாயமானதே. ஆனால் அடிபட்டவன் தன் கோபத்தைத் தன் கையால் தீர்த்துக்கொள்ளாமல் கடவுளின் கையில் ஒப்படைக்கும் சொற்கள் அவை என்ற விளக்கத்தையும் எளிதில் தள்ளிவிட முடியாது. அடிபடாதவர்கள் அமர்ந்து அவற்றை நீக்குவது சரியா என்ற கேள்வி எஞ்சுகிறது.

தீராத இடங்கள்

இக்கொள்கைகளில் எதுவும் முழுப் புஸ்தகத்தையும் தாங்கவில்லை. காவல் கொள்கை 91-ஐத் தாங்கும், 44-ஐத் தாங்காது. கண்ணாடிக் கொள்கை யோஹன்னானின் கேள்விக்கு முன் தடுமாறுகிறது. பெக்ரிக்கின் குரு ஏட்டில் இல்லை. முறையீட்டின் உரிமையை வற்புறுத்துவோர் பக்கமே நியாயம் மிகுதியாக இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. ஆனால் முறையிட்டவன் எப்போது, எதனால் நம்பிக்கைக்குத் திரும்புகிறான் என்பதை அவர்களும் விளக்கவில்லை. 73-ஆம் சங்கீதக்காரன் பரிசுத்த ஸ்தலத்துக்குள் சென்றபின் தெளிவடைந்ததாகச் சொல்கிறான். அங்கே என்ன கண்டான் என்பதைச் சொல்லவில்லை. 88-ஆம் சங்கீதக்காரன் திரும்பவேயில்லை. அவனுடைய பாடலும் வேதத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறது. தெளிவடையாதவனையும் ஜெபிக்கிறவனாகவே சபை ஏற்றுக்கொண்டது என்பதற்கு அது சாட்சியா, அல்லது தொகுத்தவர் வேறு கருத்தோடு சேர்த்தனரா என்பதில் அறிஞர் உடன்படவில்லை.

ஆராய்ச்சியின் முடிவுக்குக் காத்திராமல் செய்யத்தக்க ஒன்று உண்டு. துக்க வீடுகளிலும் நினைவு ஆராதனைகளிலும் 23-ஐயும் 91-ஐயும் 121-ஐயும் வாசிக்கும் போதகர்களும் குருக்களும், 44-ஐயும் 88-ஐயும் அவற்றோடு சேர்த்து வாசிக்க வேண்டும். கடலில் போனவர்கள் வராத கரையூர்களில் அவற்றை முதலில் வாசிக்க வேண்டும்.